ஹவுனானியின் மூன்றாவது கேள்வி

என் தம்பி கெயாவேயின் பெண்டாட்டி ஹவுனானிக்கு உத்தியோகம், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரைக் கேள்வி கேட்பது. ஹவாயில் எங்கள் காவாய்த் தீவின் வடகரைச் சாலை ஹாஎனாவோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வண்டி போகாது. மலையின் இடுப்பில், கடலை ஒட்டி ஒரு நடைபாதைதான் போகும். அதில் நடப்பதற்காகவே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள். பஸ் நிற்கும் மைதானத்தில் இருக்கும் மரக்கொட்டகையில் சீட்டைக் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டுதான் அவர்கள் உள்ளே போக வேண்டும். முத்திரை குத்தத்தான் ஹவுனானிக்குச் சம்பளம். கேள்விகள் அவள் சொந்தச் சரக்கு.

மூன்று கேள்வி. எதுவரை போகிறீர்கள்? எப்போது திரும்புவீர்கள்? இது யாருக்குத் தெரியும்? முதல் இரண்டுக்கும் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். ஆறு மாதம் திட்டம் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஆயிற்றே. வரைபடம், வானிலை, கூடாரம், எந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து எந்த பிஸ்கட்டைத் தின்பது என்பது வரைக்கும் கைபேசியில் வைத்திருப்பார்கள். மூன்றாவதில்தான் முழிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை என்றால் ஹவுனானி முத்திரையைக் கீழே வைத்துவிடுவாள். யாருக்காவது போன் போட்டுச் சொல்லு, நான் காத்திருக்கிறேன் என்பாள். பின்னால் வரிசை முனகும். அவள் அதைக் காதிலேயே வாங்க மாட்டாள்.

ஒரு தடவை சிகாகோவிலிருந்து ஒல்லியாக ஒரு ஆள் வந்தான். தனி ஆள். அப்பா அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை.

“வீட்ல பூனை மட்டும்தான் மேடம் இருக்கு. அது போனை எடுக்காது,” என்றான்.

வரிசையே சிரித்தது. ஹவுனானி சிரிக்கவில்லை.

“சரி, இப்ப எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்து ஜன்னலைத் தட்டிட்டுப் போ.”

அந்தப் புண்ணியவான் மறந்துபோய் நேராக பஸ் ஏறி ஓட்டலுக்குப் போய்விட்டான். கடைசி பஸ்ஸும் போன பிறகு இவள் டார்ச்சை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். ஊரில் உள்ள ஓட்டலுக்கெல்லாம் போன் போட்டு, ஒரு இடத்தில் அவன் உட்கார்ந்து இறால் தின்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துக் கிழி கிழி என்று கிழித்தாள். மறுநாள் அவன் சாக்லேட் பெட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டான். ஊரான் வீட்டுப் பூனைக்காரனுக்காக இவ்வளவு கூத்தா என்று நான் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். நான் வைனிஹாவில் சேம்பு போடுகிறவள். சேம்பையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து வேகவைத்த இனிப்பைத் துண்டு போட்டு அந்தக் கொட்டகை ஓரத்தில்தான் விற்கிறேன். அவள் கூத்து எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அவள் ஒரு சாக்லேட்டை என் பக்கம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

வெளியே இப்படி அதிகாரம் பண்ணுகிறவள் வீட்டுக்குள் வாயைத் திறக்க முடியாது. எங்களுடையது கடலில் பிழைத்த குடும்பம். கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. மீன் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் மீனுக்குக் காதில் விழும். அப்புறம் அன்றைக்கு வலை காலி, இல்லை என்றால் ஆள் காலி. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பினவன் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்று, ‘சும்மா சுத்திட்டு வரேன்.’ கையில் வலை, தோளில் ஈட்டி, வண்டியில் ஐஸ் பெட்டி. ஐயா சும்மா சுற்றப் போகிறாராம். நாங்களும் ஒன்றும் தெரியாத மாதிரி தலையாட்டுவோம்.

என் சித்தப்பா ஒருநாள் ஹனலே கடையில் ஐஸ் வாங்கப் போனார். கல்லாவில் புதிதாகச் சேர்ந்த பெண், மீன் பிடிக்கவா அங்கிள் என்று கேட்டுவிட்டாள். மனிதர் எடுத்த ஐஸைக் கொண்டுபோய்ப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு வரைக்கும் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாது.

ஹவுனானி கடல்காரர் வீட்டுப் பெண் இல்லை. அவள் அப்பா கபாஆ பக்கம் கரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். அவள் தம்பி லோபகாதான் கெயாவேயோடு சுற்றிச் சுற்றி எங்கள் பழக்கங்களை எல்லாம் பிடித்துக்கொண்டான். எங்களைவிட ஒரு படி மேலே போய், தன் வண்டி நிற்பதைப் பார்த்து யாராவது இடத்தைத் தெரிந்துகொள்வார்கள் என்று வண்டியை வேறெங்காவது நிறுத்திவிட்டுப் போவான். ஒருநாள் அக்காவிடம் சும்மா சுத்திட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. வண்டி கிழக்குக் கரையில் ஒரு நண்பன் வீட்டில் நின்றது. அதை நம்பி எல்லாரும் கிழக்குப் பக்கத்துக் கடலைத் துழாவினார்கள். அவன் கிடந்தது மேற்கே, இந்த நடைபாதைக்குக் கீழே ஒரு ஓடையில், இடுப்பு முறிந்து. விழுந்த பிறகு இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னார். அதை அந்த மனிதர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த வருஷமே ஹவுனானி இந்த ஜன்னல் வேலைக்குச் சேர்ந்தாள். இருந்தும் கெயாவே கிளம்பும்போது எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வீட்டு வேலிக்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன ஏப்ரலில் அவர்கள் மகள் நொஹேயாவின் குழந்தைக்கு ஒரு வயது முடிந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்தைச் சுருக்கமாகச் செய்தாலும் செய்வோம், முதல் வயது விருந்தைச் சுருக்க மாட்டோம். மண்ணடுப்பில் பன்றி, சேம்புக் கூழ், கணவாய் எல்லாம் இருந்தாலும் பந்தியில் ஒபீஹி இல்லை என்றால் அது விருந்தே இல்லை. அலை வந்து மோதுகிற பாறையில் ஒட்டிக்கிடக்கும் சின்னச் சிப்பி அது. அலை பின்வாங்கும் நேரத்தில் கத்தியை நுழைத்துப் பெயர்த்து எடுக்க வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டினவனைக் கடல் எடுத்துக்கொள்ளும். எங்கள் கரையில் சுறாவால் செத்தவனைவிட ஒபீஹியால் செத்தவன் அதிகம்.

அதற்கு எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பாறை உண்டு. பன்றிமூக்கு என்று பேர் வைத்திருந்தோம். அப்பா என்னையும் கெயாவேயையும் மட்டும் கூட்டிப்போய்க் காட்டினார். வீட்டுக்கு வந்த பெண்களிடம் சொல்லக் கூடாது என்றார். நாளைக்கே அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் பாறையும் கூடவே போய்விடும் என்பது அவர் கணக்கு. நடைபாதையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கடலிலிருந்து பார்த்தாலும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மலை மறைத்துவிடும். இறங்கும் இடம் தெரிந்தவன்தான் இறங்க முடியும். அப்படி ஒரு பாறை எங்களுக்கு உண்டு என்பது மட்டும்தான் ஹவுனானிக்குத் தெரியும்.

விருந்து சனிக்கிழமை. அந்த வாரம் முழுக்க கெயாவே திட்டம் போட்டுக்கொண்டிருந்தான், போடாத மாதிரியே. திங்கள்கிழமை கத்தியைத் தீட்டினான். மறுநாள் வலைப்பையின் கிழிசலைத் தைத்தான். அதற்கடுத்த நாள் பாறையில் வழுக்காமல் இருக்கப் போடும் கம்பளி அடிச் செருப்பு கொடியில் காய்ந்தது. அறுபத்திரண்டு வயது, வலது மூட்டு தேய்ந்துபோனது. பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நான் வயலில் கால் நனைய நின்று சேம்பு கழுவிக்கொண்டிருந்தேன். ஹவுனானி வேலையிலிருந்து வந்த உடுப்போடு வரப்பில் வந்து நின்றாள்.

“அண்ணி, நாளைக்கு மலையில பெருமழைன்னு போட்டிருக்கான்.”

“போடட்டும். அவன் மழைன்னு போட்ட அன்னிக்குத்தான் நான் துணி காயப்போடுறேன்.”

“ஓடை ஏறிடும்.”

“ஏறட்டுமே. யாரு போறா ஓடைக்கு?”

அவள் கொடியில் தொங்கிய செருப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் அக்கா, நான் கேட்டால் குற்றம் அவள் தலையில் விழாது. எனக்கு எரிச்சலாக வந்தது. நீ ஒரு வார்த்தை கேட்டால் அவன் நின்றுவிடுவான், தாராளமாகக் கேள், அப்புறம் சனிக்கிழமைப் பந்தியில் ஒபீஹி எங்கே என்று ஊர் கேட்கும்போது நீயே பதில் சொல்லு, கேட்டுக் கெடுத்த வீடு என்ற பேரையும் சேர்த்து வாங்கிக்கொள் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“லோபகாவை யாரும் கேக்கல அண்ணி,” என்றாள். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பார்த்தாயா என்று வேலிப் பக்கம் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கெயாவே வலைப்பையைச் சுருட்டித் தோள்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தான். அவனும் வண்டியை எடுக்க மாட்டான். வழியில் எவன் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு, கொட்டகைப் பக்கமே வராமல் தோட்டத்துக் குறுக்குவழியில் நுழைந்துவிடுவான். ஹவுனானி வேலைக்குப் போகிற உடுப்பில் வாசற்படியில் நின்றாள்.

“சும்மா சுத்திட்டு வரேன்,” என்றான்.

அவள் உதடு பிரிந்தது. கேட்டுத் தொலைக்கப் போகிறாள் என்று நினைத்து வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கெயாவேயும் அதைப் பார்த்தான். பையின் வாரைப் பிடித்த கை அப்படியே நின்றது. கேட்டால் இறக்கி வைப்பதற்கு அவன் தயாராக நின்ற மாதிரிதான் இருந்தது.

“தண்ணி எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டாள்.

“ம்.”

“முட்டிக்குப் பட்டை?”

“கட்டியிருக்கேன்.”

அவன் தெருவில் இறங்கினான். நான் வேலிக் கம்பியை விட்டேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

மழை மத்தியானத்துக்கு என்று போட்டிருந்தார்கள். அது முன்னாலேயே வந்தது. எங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட விழுவதற்கு முன்னால் மலைமேல் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் என் வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. மேலே எவ்வளவு கொட்டினால் கீழே இந்த நிறம் வரும் என்று எனக்குத் தெரியும். சேம்பை அப்படியே போட்டுவிட்டு, விற்பதற்குப் போகிற மாதிரி இனிப்புப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு ஹாஎனாவுக்கு ஓட்டினேன். அந்த மழையில் எவன் இனிப்பு வாங்கப் போகிறான்.

பாதையை மூடிவிட்டார்கள். ஹனகாபியாய் ஓடை கரைமீறி ஓடுகிறது, அதற்குப் பாலம் கிடையாது, அக்கரையில் நடைக்காரர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தீயணைப்புக்காரர்களின் ஹெலிகாப்டர் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்தில் இறக்கியது. ஹவுனானி ஜன்னலிலேயே நின்றாள். எந்தக் குழு எதுவரை போனது, யார் எப்போது திரும்புவதாகச் சொன்னார்கள் என்பதை எல்லாம் அவள் சொல்லச் சொல்ல, அவர்கள் போய்ப் போய் எடுத்து வந்தார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள், உடனே அவர்களுக்குப் பின்னால் பார்ப்பாள்.

நான் ஓரத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறுக்குவழியிலிருந்து அவன் வந்துவிடுவான், இதோ வந்துவிடுவான் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குள் பாறையை விட்டு ஏறிவிட வேண்டும், அதற்கு மேல் கடல் ஏறும் என்பது அப்பா போட்ட விதி. மூன்று எப்போதோ தாண்டிவிட்டது.

தீயணைப்புப் படைத் தலைவன் மெதெய்ரோஸ் உள்ளூர்ப் பையன், நொஹேயாவோடு படித்தவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஜன்னலுக்கு வந்தான்.

“ஆன்ட்டி, மேகம் இறங்குது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பறக்க முடியும்னு பைலட் சொல்றான். உள்ள யாராவது பாக்கி இருக்காங்களா?”

“ஜன்னல் வழியா போனவங்க எல்லாரும் வந்துட்டாங்க.”

“ஜன்னல் வழியா போகாதவங்க?”

ஹவுனானி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, இங்க வாங்க.”

நான் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலுக்கு முன்னால், வெளியூர்க்காரர்கள் நிற்கிற இடத்தில், நான் நின்றதே இல்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் வேலைக் குரல், தினமும் நூறு பேரிடம் பேசுகிற அதே குரல்.

“எதுவரை?”

நான் பெட்டியை ஜன்னல் பலகைமேல் வைத்தேன்.

“எப்ப திரும்பணும்?”

“மூணு மணிக்குள்ள ஏறியிருக்கணும்,” என்றேன். அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“இது யாருக்குத் தெரியும்?”

பயமாக இருந்தது. ஆள் கடலில் நிற்கும்போது அந்த இடத்தின் பேரை வாயால் சொல்வது, அவனை என் கையாலேயே உள்ளே தள்ளுவதற்குச் சமம் என்றுதான் நான் வளர்ந்தேன். அதை நான் விளையாட்டாக நம்பவில்லை. இன்றைக்கும் பாதி நம்புகிறேன். மெதெய்ரோஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஹவுனானி மறுபடி கேட்கவில்லை. பூனைக்காரனிடம் செய்த மாதிரியே முத்திரையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஓடையில் இரண்டு நாள் கிடந்த பையன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் இருக்கும் இடத்தைச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள்கூட இல்லை. இன்றைக்கு நான் இருக்கிறேன், இருந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

ஓடையைத் தாண்டியதும் வரும் மேடு, அதில் இரட்டைத் தாழைமரம், அதற்குக் கீழே மலை உள்ளே வளைகிற இடம், மேலேயிருந்து தெரியாது, கடல் மட்டத்துக்கு இறங்கி மலையைப் பார்த்துத் திரும்பினால்தான் தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பன்றிமூக்கு என்ற பேரையும் சொன்னேன். மெதெய்ரோஸ் அந்தக் கரையில் எத்தனையோ வருஷமாகப் பறக்கிறவன், அப்படி ஒரு பாறை இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஓடினான்.

ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது. சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் மழைச் சத்தம்தான். ஹவுனானி கொட்டகையை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் மனதுக்குள் கடலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சொன்னது நான், வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள், அவனை விடு என்று. எப்போது அவள் கையைப் பிடித்தேன் என்று தெரியாது. பிடித்திருந்தேன்.

சத்தம் திரும்ப வந்தபோது கயிற்றில் ஒரு கூடை தொங்கியது. கூடையில் அவன் இருந்தான். உட்கார்ந்திருந்தான், ஆகவே உயிர் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏறும் வழியில் மலையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டி அவனை மறித்துவிட்டதாம். கீழே கடல் ஏறி இடுப்பளவுக்கு வந்துவிட்டதாம். பாறை வெடிப்பில் கையைச் செருகிக்கொண்டு நின்றிருக்கிறான். ஹெலிகாப்டர் மத்தியானத்திலிருந்து தலைக்கு மேல் போய்ப் போய் வந்ததை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கடைசித் தடவைதான் அது கீழே இறங்கித் திரும்பி அவனைப் பார்த்தது. கெண்டைக்கால் கிழிந்து எலும்பு தெரிந்தது. அத்தனையிலும் ஒபீஹிப் பை தோளில் இருந்தது.

கம்பளியைச் சுற்றி உட்காரவைத்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யார் சொன்னது?” என்றான். குரலே வரவில்லை.

“நான் கேட்டேன்,” என்றாள் ஹவுனானி.

அவ்வளவுதான் சொன்னாள். என் பேரை அவள் எடுக்கவே இல்லை. அந்தப் பாறை தெரிந்தது இரண்டே பேருக்கு என்று அவனுக்குத் தெரியாதா என்ன. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விருந்து மறுநாள் நடந்தது. கெயாவே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு குழந்தையை மடியில் வைத்திருந்தான். பை அப்படியே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விட்டது, அவன்தான் கொடுத்தனுப்பச் சொன்னான். பந்தியில் ஒரு ஒபீஹிகூட இல்லை. ஹனலேயிலிருந்து வந்த சொந்தக்காரிகள் தட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருத்தி, பெண்டாட்டி கேட்டுட்டாளாமே என்று என் காதுபடவே பேசினாள். கேட்டதனால்தான் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், கேட்காமல் இருந்தால் நீ இன்றைக்கு வேறு சாப்பாட்டுக்கு வந்திருப்பாய், பேசாமல் பன்றியைத் தின்னு என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் கெயாவே எங்களோடு பேசவில்லை. பெண்டாட்டியிடம் சோறு, தண்ணீர் என்று மட்டும் பேசினான். என்னோடு அதுவும் இல்லை. கால் தையல் பிரித்தார்கள், ஊன்றுகோலை விட்டான், தோட்டத்தில் நடந்தான். கடல் பக்கம் போகவே இல்லை. கத்தி துருப்பிடித்துக் கிடந்தது. கடல்காரன் கடலைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்க முடியவில்லை. காப்பாற்றினோமா, கெடுத்தோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஹவுனானி இளைத்துவிட்டாள். ஜன்னலில் மட்டும் அவள் குரல் மாறவில்லை.

பாதையைத் திறந்து சில வாரம் ஆகியிருக்கும். நல்ல வெயில், கடல் தட்டையாகக் கிடந்தது. நான் கொட்டகை ஓரத்தில் இனிப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் கைத்தடி வைத்த ஒரு ஜோடி, அவர்களுக்குப் பின்னால் முதுகு நிறையக் கூடாரம் சுமந்த இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கெயாவே. தோளில் வலைப்பை. கையில் தீட்டின கத்தி. உள்ளூர்க்காரர்களுக்குச் சீட்டே வேண்டாம். இருந்தும் வரிசையில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தான். என் கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது.

ஹவுனானி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்து என்றாள். நிமிர்ந்தாள். பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கெயாவே தரையைப் பார்த்துக்கொண்டு, செருப்பால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“கேளு,” என்றான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “எதுவரை?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, “பன்றிமூக்கு வரை.”

“எப்ப திரும்புவே?”

“கடல் ஏறுறதுக்கு முன்னால. ரெண்டு மணி.”

மூன்றாவது கேள்வி அவளால் முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. கேட்காமலேயே அவன் பதில் சொன்னான்.

“இப்ப உனக்குத் தெரியும்.”

அவன் நகரப் போனான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் பை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்து ஜன்னலைத் தட்டிட்டுப் போ,” என்றாள்.

அவன் தலையாட்டினான். போகிற வழியில் என் பெட்டியில் இருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தேங்காய்ப்பால் கம்மியா இருக்கு அக்கா என்றான். அத்தனை வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினது அதுதான்.

அன்றைக்கு நான் வியாபாரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஹவுனானி வருகிறவர்களுக்கெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போது ஈரக் கை ஒன்று ஜன்னலைத் தட்டியது.